உருகிய உப்பில் பகல் வெயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (புத்தூர்): சூரிய அனல் மின்நிலையத் தொட்டிகளில் நிரப்புவது சமையல் உப்புதானே?

பதில்: அல்ல. பகல் வெயிலின் வெப்பத்தை இரவு மின்சாரத்துக்காக உருகிய நிலையில் தேக்கிவைக்கும் அந்த உப்பு, ஏறக்குறைய 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட்டும் 40 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை. மா பூக்க 13-0-45 உரம் தெளிக்கும் சித்தூர்த் தோட்டக்காரர்கள் இரண்டாவதன் வெள்ளைப் பொடியைக் கையில் அள்ளிக் கரைத்தவர்களே.

கேள்வி (நகரி): 2014இல் தொடங்கிய அனந்தபூர் 50 மெகாவாட் அனல் நிலையம் இரவிலும் மின்சாரம் தருமா?

பதில்: தராது. அங்கே வெயிலைக் குவிக்கும் பரவளையக் கண்ணாடிகள் உண்டு, வெப்பச் சேமிப்பு இல்லை. சேமிப்பைக் காண விரும்பினால் ராஜஸ்தானின் அபு ரோடு நிலையத்தைப் பாருங்கள். 1 மெகாவாட்தான், ஆனால் வார்ப்பிரும்பில் 16 மணி நேரத்துக்கான வெப்பத்தைத் தேக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எந்த நிலையமானாலும் முதலில் மணிக்கணக்கைக் கேளுங்கள்.

கேள்வி (குப்பம்): எங்கள் பகுதிக்கு 50 மெகாவாட் சேமிப்பு போதுமா?

பதில்: எத்தனை மணி நேரத்துக்கு என்று எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் வண்ணத்தாளில் அச்சிட்டுக் கொடுத்த திட்ட அறிக்கையிலும் இதே குறை. பக்கத்துக்குப் பக்கம் மெகாவாட் இருந்தது, மணி ஓரிடத்திலும் இல்லை, எழுந்து கேட்டபோது மேடையில் எவருக்கும் விடை தெரியவில்லை. மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு இறைக்கிறது என்பது மெகாவாட். தொட்டியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது மெகாவாட்-மணி. ஸ்பெயினின் ஆண்டசோல் நிலையம் 50 மெகாவாட், ஏழரை மணி நேரம். ஆக 375 மெகாவாட்-மணி. அதே நாட்டின் ஜெமாசோலார் 20 மெகாவாட்தான், ஆனால் 15 மணி நேரம், ஆக 300. மெகாவாட்டை மட்டும் பார்ப்பவர் பின்னதைப் பாதிக்கும் குறைவானது என்று தள்ளிவிடுவார். உப்பின் அளவும் கவனிக்கத்தக்கது: முன்னதற்குச் சுமார் 28,500 டன், பின்னதற்குச் சுமார் 8,500 டன். ஆண்டசோலில் எண்ணெய் வழியே வெப்பம் வருவதால் உப்பு 290 டிகிரியிலிருந்து 390 வரையே ஏறுகிறது. ஜெமாசோலாரில் கண்ணாடிகள் வெயிலைக் குவிக்கும் கோபுரத்தில் உப்பே நேரடியாகச் சூடேறி 565ஐத் தொடுவதால், ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் சுமக்கிறது. மணிக்கணக்கோடு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி (திருத்தணி): ஆடி மாத மேகத்தில் இவை இயங்குமா?

பதில்: கண்ணாடிகள் குவிப்பது நேர்க்கதிரை மட்டுமே. மேகம் மூடினால், முன்பே தேக்கிய வெப்பம் தீரும்வரைதான்.

கேள்வி (பலமநேர்): இரவில் உப்பு உறைந்துவிடாதா?

பதில்: பெருந்தொட்டியில் உறையாது; நன்றாகப் போர்த்தப்பட்ட தொட்டி நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் இழக்கும். மெலிந்த குழாயிலும் வால்விலும் உறையும். 240 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கலவை கட்டியாகத் தொடங்கும் என்பதால், அவற்றைச் சுற்றி மின் வெப்பக் கம்பி ஓட வேண்டும். சிக்கனம் என்று அந்தக் கம்பியை வெட்டிவிடாதீர்கள்.