வால்வு ரேடியோ கேள்வி பதில்: முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

இந்த வாரம் வந்த கேள்விகளை எண்ணினேன். பாதிக்கு மேல் ஒரே கதைதான்: "தாத்தாவின் ரேடியோ பரணில் கிடந்தது, பிளக்கைச் செருகினேன், புகை வந்தது." முப்பது வருடம் ஓடாத செட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது? சரி, ஆரம்பிக்கலாம்.

மன்னார்குடி: அப்பா 1960களில் வாங்கிய ஐந்து வால்வு செட். டிரான்ஸ்பார்மர் உள்ளது. இன்னும் செருகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

"இன்னும் செருகவில்லை" என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் வால்வைத்தான், உள்ளே ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குழாயைத்தான், சந்தேகப்படுகிறார்கள். வால்வு சுலபத்தில் சாகாது. சாவது கண்டன்சர்கள், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள். மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் ஈரத்தைக் குடித்து, டிசி மின்சாரத்தைக் கசிய விடும். அலுமினிய டப்பா ஃபில்டர் கண்டன்சர்கள் உள்ளே வறண்டு போயிருக்கும், அல்லது ஷார்ட் ஆகியிருக்கும்.

அதில் ஒன்று மட்டும் எமன். இ.ஏ.பி.சி.80 வால்வின் ஆனோடிலிருந்து (எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) இ.எல்.84 அவுட்புட் வால்வின் கிரிடுக்கு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் 0.01 மைக்ரோஃபாரட் கண்டன்சர். அது கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் ஏறும். வால்வு அளவுக்கு மீறி இழுக்கும், ஆனோடு தகடு சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். பத்து ரூபாய்ச் சாமானுக்காக, தேடினாலும் கிடைக்காத ஒன்றைப் பலி கொடுப்பது போல. மீட்டர் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், செட்டை ஓட்டும் முன்பே மாற்றிவிடுங்கள். 630 வோல்ட் பாலிஎஸ்டர், மேலே 103 என்று அச்சிட்டிருக்கும்.

அடுத்தது சீரீஸ் பல்பு. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு தொடராக இணையுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். செட்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து உங்களைக் காப்பாற்றும். ஒரு தடவை மின்னிவிட்டு மங்கினால் நிம்மதி.

பின்பக்கம் வோல்டேஜ் தட்டு இருக்கிறதா பாருங்கள். பல செட்டுகளில் 110, 127, 220, 245 என்று திருப்பலாம். இன்று வீட்டில் 230க்கு மேலேயும் வருகிறது, 245லேயே வையுங்கள். கடைசியாக, அணைத்த பிறகும் எச்.டி. லைனில் (வால்வுகளுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் கம்பி) 250 வோல்ட் உட்கார்ந்திருக்கும். பத்து கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வையுங்கள். இறக்குவதற்கு ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடும் வீரம் வேண்டாம்.

கும்பகோணம்: செருகினேன், புகை வந்தது...

மேலே படியுங்கள்.

பழனி, கல்லூரி மாணவர்: என்னுடைய செட்டில் டிரான்ஸ்பார்மரே இல்லை. யு.சி.எச்.42, யு.எஃப்.41, யு.பி.சி.41, யு.எல்.41, யு.ஒய்.41. ஒரு வால்வும் எரியவில்லை. எல்லாம் போய்விட்டதா?

தம்பி, முதலில் இதைக் கேள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டில், சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று நேரே சேஸிஸில்தான், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்தான், சேர்கிறது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டாலே போதும். ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் (வீட்டுக் கரண்டிலிருந்து செட்டைப் பிரித்து வைப்பது) இல்லாமல் இதைத் திறந்து வேலை செய்யாதே. சேஸிஸை எர்த்தோடும் இணைக்காதே.

இப்போது உன் கேள்வி. கோயில் திருவிழாவில் அந்தக் காலத்து சீரியல் செட் பார்த்திருப்பாய், ஒரு பல்பு போனால் வரிசையே அணையும். இதுவும் அதேதான். வால்வுகளைச் சூடாக்கும் ஐந்து ஃபிலமெண்டும் தொடராக 0.1 ஆம்பியரில் ஓடுகின்றன. 14, 12.6, 14, 45, 31 கூட்டினால் 116.6 வோல்ட். மீதி 113 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டர் தின்கிறது, சுமார் 1,130 ஓம், 11 வாட் சூடு. பெரும்பாலும் அந்த ரெசிஸ்டர்தான் அறுந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அதை அள. பிறகு ஒவ்வொரு வால்வையும் பிடுங்கி 1, 8 முனைகளுக்கு இடையே தொடர்ச்சி பார். போனது ஒன்றே ஒன்றாக இருக்கலாம்.

விருதுநகர்: மர்ஃபி குழந்தைப் படம் போட்ட ரேடியோ. என்ன விலை போகும்?

விலை எனக்குத் தெரியாத துறை.

திண்டுக்கல்: உள்ளே புளூடூத் வைக்கலாமா?

உங்கள் ரேடியோ, உங்கள் விருப்பம். என்னிடம் கேட்காதீர்கள்.

சேலம்: என் அப்பா நாற்பது வருடம் ரேடியோ மெக்கானிக். இ.இசட்.80 (ஏசியை டிசியாக்கும் வால்வு) போன செட்டில் எல்லாம் இரண்டு 4007 டயோடு வைத்துக் கொடுத்துவிடுவார். நீங்கள் போன தடவை அதைப் பாவம் என்று எழுதினீர்கள். அந்த செட்டுகள் இன்றும் பாடுகின்றனவே?

பாவம் என்று எழுதியது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் எச்.டி. சுருள் 250-0-250. டயோடு வைத்தால் கண்டன்சரில் உச்சம் 353 வோல்ட். இ.இசட்.80 சூடாகி மின்சாரம் தருவதற்கு பத்து, பதினைந்து விநாடி ஆகும், அதற்குள் மற்ற வால்வுகளும் தயாராகி சுமையைத் தாங்கிக்கொள்ளும். டயோடுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுவிட்ச் போட்ட கணமே 353ம் அப்படியே ஏறி நிற்கும், இழுக்க ஆளில்லை. பழைய டப்பா கண்டன்சரின் மேல் எழுதியிருப்பது 350 வோல்ட்.

சேலம், மறுபடியும்: அப்பா கண்டன்சரையும் சேர்த்துத்தான் மாற்றுவார். 450 வோல்ட். அப்போது?

அப்போது அந்தப் பயம் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது எச்.டி. கூடுவது மட்டும் மிச்சம். இ.இசட்.80 தனக்குள் விழுங்கிக்கொண்டிருந்த வோல்ட்டை 200 ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்று விழுங்க வேண்டும். அதை அவர் வைப்பாரா?

ஈரோடு: நடுவில் வருகிறேன். இ.இசட்.80 ஃபிலமெண்ட் 6.3 வோல்ட், 0.6 ஆம்பியர். அதைக் கழற்றினால் டிரான்ஸ்பார்மருக்கு ஏறக்குறைய நாலு வாட் சுமை குறைகிறது. பழைய டிரான்ஸ்பார்மருக்கு நல்லதுதானே?

நல்லதுதான். சேலத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

சேலம்: ரெசிஸ்டர் வைப்பார். பச்சை நிற வயர்வவுண்டு.

அப்படியென்றால் உங்கள் அப்பா என்னைவிட நல்ல மெக்கானிக். என் கையில் வந்து சேர்ந்தவை எல்லாம் ரெசிஸ்டரும் இல்லாமல், கண்டன்சரும் மாற்றாமல், டயோடு மட்டும் ஒட்டிய செட்டுகள். அந்தக் கோபத்தில் எழுதியது. இருந்தாலும் இ.இசட்.80 கிடைக்கும்போது அதையே போடுவேன். இன்னொன்று, மாற்றினால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். பத்து வருடம் கழித்துத் திறப்பவன், சாக்கெட்டில் வால்வு இல்லையே என்று புதிதாக ஒன்றை வாங்கிச் செருகுவான்.

வால்வே வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "பெரிசு போட்டால் ஹம் (ஸ்பீக்கரில் வரும் உறுமல்) குறையும்" என்று இ.இசட்.80க்கு அடுத்து 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைக்காதீர்கள். அதன் எல்லை 50. 47 போதும்.

பழனித் தம்பியின் மாதிரி செட்டில் இ.இசட்.80இன் வேலையைச் செய்யும் யு.ஒய்.41 கிடைக்காவிட்டால் டயோடுக்கு நானே சம்மதம். ஆனால் ஃபிலமெண்ட் வரிசையில் அதன் இடத்தில் 310 ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் வைக்க மறந்தால் வரிசை அறுந்து மற்ற நாலும் எரியாது.

ஈரோடு: சேலத்து ஐயா, அப்பா இப்போதும் வேலை செய்கிறாரா? என்னிடம் மூன்று செட் இருக்கிறது.

அதை நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

நாகர்கோவில், ஓர் அம்மா: பாட்டு வருகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் கரகரத்து, குரல் நெரிகிறது. இ.எல்.84 புதிது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி அம்மா. புது வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டை ஓட விட்டு, அந்த சாக்கெட்டின் 2ஆம் முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே டிசி பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் மேலே சொன்ன எமன்தான். பூஜ்யம் என்றால் வால்வைத் திரும்பப் போட்டு 3ஆம் முனையைப் பாருங்கள். கேதோடு (எலக்ட்ரானை உமிழும் முனை) ரெசிஸ்டர் 150 ஓம் என்றால் 7 வோல்ட்டை ஒட்டி வரலாம். 12 வந்தால் அது 80 மில்லியாம்பியர், வால்வு வெந்துகொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணம்: ஷார்ட் வேவ் பக்கம் திருப்பினால் நிலையம் விட்டு விட்டு வருகிறது. பேண்ட் சுவிட்சுக்கு எண்ணெய் விடலாமா? ஐ.எஃப்.டி.யையும் (டியூன் செய்து வைத்த சுருள் டப்பா) கொஞ்சம் திருகிப் பார்க்கவா?

எண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பிசினாகும். காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகும். ஐ.எஃப்.டி. கோர் பக்கம் ஸ்க்ரூடிரைவரோடு போகாதீர்கள். அது தானாக நகராது. திருகினால் உடையும், உடைந்தால் வெளியே வராது. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாத வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

காரைக்குடி: மேஜிக் ஐ (நிலையம் சரியாகப் பிடித்ததைக் காட்டும் ஒளிக்கண்) பச்சை மங்கிவிட்டது.

உள்ளே பூசிய பாஸ்பர் தேய்ந்திருக்கும், திரும்ப வராது. மாற்றும் முன் பக்கத்திலுள்ள 470 கிலோ ஓம் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள், பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு வயதோடு ஏறும்.

வேலூர்: எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரே இரைச்சல்.

வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்புகளையும் போன் சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஓசூர்: தாத்தாவின் ரேடியோ. செருகினேன்...

கழற்றுங்கள்.

மன்னார்குடி, மீண்டும்: 0.01ஐ மாற்றிவிட்டேன். சீரீஸ் பல்பு போட்டேன். மங்கவே இல்லை, முழுப் பிரகாசம்.

பல்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, எல்லா வால்வுகளையும் பிடுங்கி, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்துவிட்டு, வால்வுகள் இல்லாமலே சீரீஸ் பல்போடு மறுபடி கரண்ட் கொடுங்கள். இப்போது மங்கினால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது, குற்றம் பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சரில். அப்போதும் பிரகாசம் குறையவில்லை என்றால் டிரான்ஸ்பார்மர் சுருள் ஷார்ட், ரீவைண்டிங் செய்பவரைத் தேட வேண்டியதுதான். பார்த்துவிட்டு எது என்று எழுதுங்கள், இன்றிரவு பத்து மணி வரை இருப்பேன்.