மேவனில் ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு புரொஃபைல் வைக்கலாமா?

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய உங்கள் மென்பொருளை மூன்று இடங்களில் நிறுவ வேண்டியிருப்பதாகவும், ஒவ்வோர் இடத்தின் தரவுத்தள முகவரிக்கும் கடவுச்சொல்லுக்கும் பொம் கோப்பில் (மேவனுக்கான அமைப்புக் கோப்பு) தனித்தனிப் புரொஃபைல் (தேவைக்கேற்ப இயக்கும் அமைப்புத் தொகுதி) எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜாவா நிரலைக் கட்டித் தரும் கருவியான மேவன் அதற்கு இடம் தருகிறது; நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புரொஃபைலில் உள்ள மதிப்புகள் ஜார் (நிறுவப்படும் மென்பொருள் கோப்பு) கட்டப்படும்போதே அதற்குள் பதிந்துவிடுவதால், ஒரே பெயரும் ஒரே பதிப்பெண்ணும் கொண்ட, உள்ளடக்கம் மட்டும் வேறான மூன்று கோப்புகள் உருவாகின்றன. எது எந்த இடத்துக்குரியது என்பதைத் திறந்து பார்த்தாலன்றி அறிய முடியாது. சோதனையில் தேறியது ஒரு கோப்பு, வாடிக்கையாளரிடம் போவது இன்னொன்று. கடவுச்சொல், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாற்றில் தங்கிவிடுவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வட இலங்கையில் பரந்தன், மாங்குளம் பக்கத்து அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் நிறுவித் தரும் எங்களுக்கு இது ஏட்டளவிலான கவலை அன்று. நெல் கொள்வனவு நடந்துகொண்டிருக்கும் நாளில் ஆலையின் சேர்வர் முகவரி மாறினால், சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் மடிக்கணினியை விரித்து மேவன் தன் செருகுநிரல்களை இறக்கி முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. அங்குள்ள காசாளரே நோட்பேடில் ஒரு வரியைத் திருத்திச் செயலியை மீளத் தொடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆகவே ஜார் ஒன்றாகவே இருக்கட்டும். இயங்கும் அடைவிலோ அதனுள் இருக்கும் ‘கொன்ஃபிக்’ அடைவிலோ அப்ளிகேஷன் ப்ரொப்பர்ட்டீஸ் கோப்பு இருந்தால், ஜாருக்குள் இருப்பதை விட்டு அதிலுள்ள மதிப்பையே ஸ்பிரிங் பூட் எடுத்துக்கொள்ளும். இயக்க முறைமையில் அமைக்கும் சூழல் மாறிகள் அதையும் மீறும். தொடக்கக் கட்டளையில் கொடுக்கப்படுபவை அவற்றையும் மீறும். ஆனால் ஸ்பிரிங் பூட் வெளிக்கோப்பைத் தேடுவது ஜார் கிடக்கும் அடைவில் அன்று, கட்டளை எங்கிருந்து தரப்பட்டதோ அந்த அடைவில். லினக்ஸில் சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானே ஓடும்படி) ஓட்டுவீர்களானால் ‘வேர்க்கிங் டிரெக்டரி’ (இயங்கும் அடைவு) வரியை எழுதத் தவறாதீர்கள். இல்லையேல் வெளிக்கோப்பு ஜாருக்குப் பக்கத்திலேயே இருந்தும் உள்ளிருக்கும் பழைய மதிப்பே எடுக்கப்படும்.

மேவன் புரொஃபைலை, நேரமெடுக்கும் ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டுவதா விடுவதா என்பது போன்ற, கட்டும் பணியையே மாற்றும் தெரிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் ‘அக்டிவ் பை டிஃபோல்ட்’ என்று குறித்த புரொஃபைல், அதே பொம் கோப்பில் வேறொன்று இயக்கப்பட்டவுடன் அணைந்துவிடும். எப்போதும் தேவைப்படும் மதிப்புகளை அதில் வைக்காமல், பொம்மின் பொதுவான ப்ரொப்பர்ட்டீஸ் பகுதியில் எழுதுங்கள்.