அபாட் எலிமெண்டரி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதல் எபிசோடிலிருந்து. அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் பணமில்லாமல் திண்டாடும் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். 2021 டிசம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. துண்டு வீடியோக்கள் பார்த்துவிட்டு வராதீர்கள். அங்கே ஆசிரியர்களான ஜனீன், கிரெகரி விஷயம் முழுக்க அதில் உடைந்துவிடும்.

கேள்வி: 'தி ஆஃபீஸ்' காப்பிதானே?

அதுவும் ஓர் அலுவலகத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர்தான். ஆவணப்படக் குழு பின்னாலேயே வருவதும், கேமராவைப் பார்த்து முழிப்பதும் ஒன்றுதான். இயக்குநர் ராண்டல் ஐன்ஹார்ன் இரண்டிலும் வேலை செய்தவர். ஆனால் இங்கே சிரிப்பு பிறக்கும் இடம் வேறு. ஏதோ ஒரு பொருள் இல்லை, அங்கிருந்துதான் ஒவ்வொரு கதையும் கிளம்புகிறது. முதல் எபிசோடில் ஒரு குழந்தை வகுப்புக் கம்பளத்தை நனைத்துவிடுகிறது. புதுசு வேண்டும் என்று ஜனீன் நடையாய் நடக்கிறாள். வந்த பணத்தைத் தலைமை ஆசிரியை ஏவா பள்ளி வாசலில் புதுப் பலகை வைக்கச் செலவழித்துவிடுகிறாள்.

கேள்வி: ஏவாவை ஏன் யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை?

ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரியான கண்காணிப்பாளரின் கள்ளத்தொடர்பு அவளுக்குத் தெரியும். அதைக் காட்டி மிரட்டித்தான் பதவியே வாங்கினாள். பிற்பாடு நடப்பதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எம்மி வாங்கியதா?

வாங்கியது, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதாயிற்றே. 2022இல் எழுத்துக்காக, தொடரை உருவாக்கி ஜனீனாக நடிக்கும் குவின்டா பிரன்சன், துணை நடிகைக்காக ஷெரில் லீ ரால்ஃப். பிரன்சனுக்குப் பிறகு நாயகி விருதும் கிடைத்தது.

கேள்வி: எனக்கு இது உறுத்துகிறது அக்கா. ஆசிரியர்கள் சொந்தக் காசைப் போடுவதைக் காமெடி ஆக்கினால், அரசு தப்பித்துவிடாதா?

நல்ல கேள்வி தம்பி. தப்பிக்க விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது எபிசோடிலேயே, மினுக்கும் நடைபாதை விளக்கைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி மின்சாரத்தையே போக்கிவிடுகிறாள் ஜனீன். நல்ல மனசு மட்டும் வைத்துப் பள்ளி நடத்த முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கேள்வி: ஆனால் இன்னொரு ஆசிரியை மெலிசா தெரிந்த ஆள் மூலம் கம்பளம் கொண்டுவந்ததும் எல்லாரும் சந்தோஷமாகிவிடுகிறார்களே?

கம்பளம் வந்தது, சரி. பள்ளிக்கு நிதி வந்ததா? அங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் சொத்துவரியை நம்பி நிற்கிறது. வசதியான ஊர்ப் பள்ளிக்கு நிறைய, ஏழை ஊருக்குக் கொஞ்சம். ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான ஃபிலடெல்பியா பள்ளி மாவட்டத்துக்கோ தானாக வரி போடும் அதிகாரமே கிடையாது. நகரம்தான் போட வேண்டும். ஃபிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் இந்த நிதி முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2023 பிப்ரவரியில் அந்த மாநில நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆசிரியர் போட்ட கைக்காசில் 300 டாலர் வரைதான் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 2025இல் மத்திய அரசு விட்டது. அதாவது, ஆசிரியர் செலவழிப்பார் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. இந்தக் கோபம் பிரன்சனுக்குச் சொந்தம். அவர் அம்மா அதே ஊரில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். பள்ளிப் பெயரும் பிரன்சனின் ஆறாம் வகுப்பு ஆசிரியையின் பெயர்தான்.

கேள்வி: 'தி ஆஃபீஸ்' மாதிரியே இருக்கிறதே?

மேலே சொல்லியாகிவிட்டது.

கேள்வி: தம்பி கேட்டதையே நானும் கேட்கிறேன். தனியார் நிர்வாகம் வந்தால் சரியாகிவிடாதா?

இரண்டாம் சீசனில், அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிக்காரர்கள் அபாட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். வேண்டிய பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரைக் கழித்துவிடும் பள்ளி எப்படி மினுமினுக்கிறது என்று அங்கே பாருங்கள். வரிசையாகப் பாருங்கள், துண்டு வீடியோ வேண்டாம். பார்த்துவிட்டு வாருங்கள், சண்டை போடலாம்.