வாசகர் கேள்வி: சின்னக் கைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில், வீட்டில் இருக்கும் சிறு குழந்தைகளை எதில் ஈடுபடுத்துவது என்ற கேள்வியே இந்த முறை மிகுதியாக இருந்தது. ஒரே செய்தியைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை ஒன்றாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. நான்கு வயது மகள் நாள் முழுவதும் தறிக்குழியின் அருகில் நின்று, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலை இழுக்கிறாள், அதட்டினால் அழுகிறாள். கடையில் விற்கும் கைவினைப் பெட்டிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பெட்டி வாங்கவே வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற வெண்பட்டு நெய்யும் ஊரில், தறி வீட்டுக் குழந்தைக்கு அட்டையும் நூலும் அடைத்த பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவதைப்போல வீண்செலவு வேறில்லை. உங்கள் மகள் நூலை இழுப்பது குறும்புக்காக அன்று. வீட்டில் எல்லாரும் செய்யும் வேலையைத் தானும் செய்ய விரும்புகிறாள். அவளுக்கென்று ஒரு தறி இருந்துவிட்டால் உங்கள் பாவு பிழைக்கும்.

விருந்தில் பயன்படும் வட்டமான பாக்குமட்டைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் ஏறக்குறைய சம இடைவெளியில் 9 அல்லது 11 சிறு வெட்டுகளைப் போட்டு, நடுவில் ஒரு துளை இடுங்கள். மட்டை கடினமாக இருக்கும் என்பதால் இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். சிறிது நேரம் நீரில் நனைத்துவிட்டால் எளிதில் வெட்டுப்படும். கெட்டியான பருத்தி நூலை நடுத்துளையின் வழியாக மேலே கொண்டுவந்து, ஒரு வெட்டில் மாட்டி, தட்டின் பின்புறமாக மீண்டும் துளைக்குக் கொண்டுசென்று, அடுத்த வெட்டுக்குப் போக வேண்டும். எல்லா வெட்டுகளும் முடிந்தபின் பார்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல நூல்கள் நிற்கும். அதுதான் பாவு. இனி ஊடை, அதாவது குறுக்கு நூல், குழந்தையின் பொறுப்பு: ஒரு நூலின் மேலே, அடுத்ததன் கீழே என்று நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றிக் கோத்துக்கொண்டு வருவாள்.

வெட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரட்டைப்படையாக இருந்தால், இரண்டாம் சுற்றிலும் முதல் சுற்றில் மேலே போன நூலுக்கு மேலேயே ஊடை போகும். நெசவு பிடிக்காமல் கழன்று வந்துவிடும். ஒற்றைப்படையில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் கீழ் தானாகவே மாறும். நெசவு தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தறி இல்லாத வீட்டு வாசகர்களுக்காக எழுதினேன்.

கழிவுப் பட்டுநூல் சின்ன விரலுக்கு மிக மெல்லியது. ஏழெட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கொடுங்கள். அல்லது பழைய பருத்திச் சேலையை விரல் அகலத்தில் கிழித்துக் கொடுங்கள். ஊசி தேவையில்லை: நூலின் முனையில் செலோ டேப்பை இறுகச் சுற்றிவிட்டால் அதுவே ஊசியாகும். ஒரே நேரத்தில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கொடுக்காதீர்கள். நீளமான நூல் கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும். விரலில் இறுகினால் இரத்த ஓட்டமும் தடைப்படும். தீர்ந்ததும் அடுத்த முழத்தை முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தார் சுற்றும் இடத்தில், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் இடத்தில், வண்ணம் பார்த்து நூல்களைப் பிரித்து வைப்பது அவளுக்கு விளையாட்டாக இருக்கும்வரை சரி. இத்தனை முடிக்க வேண்டும் என்று அவளிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினால் அது வேலை வாங்குவதாகிவிடும். நம் நெசவுத் தெருக்களில் இந்த எல்லை பல தலைமுறைகளாகக் கவனிக்கப்படாமல் போயிருக்கிறது.

ஆடித் திருவிழாவில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்ததிலிருந்து பேரன்கள் இருவரும் அட்டைப்பெட்டியில் வண்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைப் பசை கட்டுப்படியாகவில்லை. எங்கள் அப்பா பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார். அதே முறையில் நானும் காய்ச்சலாமா?
– ஒரு பாட்டி, குகை

பசை காய்ச்சுங்கள், துத்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது தாமிர உப்பு. வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பசை பட்ட விரலை வாயில் வைக்காத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை.

மைதாவைவிட நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) மாவில் காய்ச்சும் பசை தெளிவாகவும் பிடிப்பாகவும் இருக்கும். ஜவ்வரிசிக்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் இயங்கிவரும் ஊரில் நாம் பசைக்குக் குப்பி வாங்கிக்கொண்டிருப்பது வேடிக்கைதான். இரண்டு தேக்கரண்டி மாவைக் கால் தம்ளர் குளிர்ந்த நீரில் முதலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் நீர் கொதிக்கும்போது அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கிவிடலாம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால், ஒவ்வொரு கட்டியின் மேற்புறமும் உடனே வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே மாவு மாவாகவே நிற்கும். மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்தும் இதே முறையில் காய்ச்சலாம். நன்றாக ஆறிய பிறகே பிள்ளைகளின் கையில் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

வண்டியின் பக்க அட்டைகள் வளைந்துபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், ஈரம் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி அட்டையை இழுக்கும். பின்புறமும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். வண்டியின் மேல் யார் எந்தச் சாமி வேடத்தில் நிற்பது என்ற சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை.

மழை மாதங்களில் நாள்கணக்கில் மூடுபனி. பிள்ளைகள் ஐந்து வயதும் மூன்று வயதும். மைதாவும் உப்பும் பிசைந்து பொம்மை செய்தால் காயவே மாட்டேன் என்கிறது. கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம், மனம் ஒப்பவில்லை.
– ஒரு தம்பதியர், ஏற்காடு

ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில், துவைத்த துணியே காயாத காலத்தில், உப்புமாவுப் பொம்மை காயாதது இயல்புதான். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்போரத்தில் ஒருமுறை காய வைத்தாலும் மறுநாள் மீண்டும் பிசுபிசுக்கும். ஆகையால் காய வேண்டிய வேலைகளைத் தை, மாசிக்குத் தள்ளிவைத்து, மழைக்காலத்தில் பிசைந்து கலைக்கும் மாவை மட்டும் கொடுங்கள். ஒரு கோப்பை மைதா, அரைக் கோப்பை உப்பு, ஒரு கோப்பை நீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சிறிது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்து, சிறுதீயில் உருண்டு திரளும்வரை கிளறினால் கிடைக்கும் மாவு மூடிய டப்பாவில் பல நாள் மென்மையாகவே இருக்கும். மூன்று வயதுக் குழந்தை கிள்ளித் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்த மாவு கொஞ்சம் அதிகமாக உள்ளே போனாலே குழந்தையின் உடலுக்குத் தாங்காது.

உங்களுக்குச் சமவெளியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதியும் இருக்கிறது. காப்பித் தோட்டத்தின் நிழல் மரமான சில்வர் ஓக்கின் இலை, மேலே பச்சையும் அடியில் வெள்ளியுமாக, இறகுபோலப் பிரிந்திருக்கும். இலையின் அடிப்புறத்தில் நரம்புகள் எழும்பி நிற்பதால் அச்சுக்கு அந்தப் பக்கமே ஏற்றது. வண்ணத்துக்குக் கெட்டியான காப்பி டிகாக்‌ஷன் போதும். அதனுடன் நீங்களும் குச்சிக்கிழங்குப் பசையைச் சிறிது கலந்தால் ஓடாமல் நிற்கும். பஞ்சால் தடவி, தாளின் மேல் வைத்து, இன்னொரு தாளால் மூடி, உள்ளங்கையால் அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். பெரணி இலைகளில் அடிப்புறம் வெண்பொடி படிந்த வகை ஒன்று மலைச்சரிவுகளில் உண்டு. அதைப் புறங்கையில் வைத்து ஓர் அடி அடித்தால், வண்ணமே இல்லாமல் வெள்ளை அச்சு விழும். இலை பறிக்கப் போகும்போது உன்னிச்செடியின் காய்களைத் தொடவிடாதீர்கள், பச்சைக்காய் நஞ்சுடையது.

இன்னொரு விளையாட்டு மஞ்சள் தாள். மஞ்சள்தூளை நீரில் கரைத்து வெள்ளைத்தாளில் பூசுங்கள். ஈரம் வற்றியதும், சமையல் சோடா கரைத்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து எழுதினால் எழுத்து சிவப்பாக எழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலப்பதும் இதே வேதியியல்தான். ஆனால் குழந்தைகளின் விளையாட்டில் சுண்ணாம்பு வேண்டாம்; கண்ணில் தெறித்தால் விழியைப் புண்ணாக்கிவிடும்.

கைப்பேசியைப் பற்றி: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. மூடுபனி நாளில் அரைமணி நேரம் கொடுத்ததற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம்.

வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. இரண்டு வயது மகன் எதை எடுத்தாலும் வாயில் போடுகிறான். அவனுக்கு மணி கோக்கப் பழக்கலாமா?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

கூடாது. மூன்று வயது நிறையும்வரை, சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் அடங்கக்கூடிய எந்தப் பொருளும் அவன் கையில் இருக்கக் கூடாது. கொலுசின் முத்துகளும் சலங்கைகளும் அந்த அளவுக்கு மிகச் சிறியவை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே கதவு இல்லாவிட்டால் பலகைத் தடுப்பாவது வையுங்கள். வெள்ளி துலக்கும் திரவங்களைத் தரையிலோ தண்ணீர் பாட்டிலிலோ வைக்காதீர்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் செய்யும் எல்லா வீட்டாரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்காகப் பதிக்கும் குன்றிமணியின் உள்ளே கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, மாலைக்காகத் துளையிட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் செய்யும் பிள்ளையாருக்கு மிளகு போதும். அதையும் நீங்களே பதித்துவிடுங்கள். ஒளிரும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது 108ஐ அழைக்க வேண்டும்.

மகனுக்கு இரண்டு தம்ளர், ஒரு அகலமான தாம்பாளம், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். ஊற்றுவதும் மாற்றுவதுமே அந்த வயதுக்குரிய கைவேலை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும்.

எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்குப் பள்ளியில் தெர்மகோல் வீடு செய்துவரச் சொல்கிறார்கள். இரவு பதினொரு மணிவரை நாங்கள்தான் செய்கிறோம். என்ன செய்வது?
– ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

மகள் ஒட்டிய கோணல் வீட்டையே அனுப்புங்கள். வகுப்பில் மற்ற வீடுகள் எல்லாம் பொறியாளர் கட்டியவைபோல் நிற்கும். அவற்றைக் கட்டியவர்கள் யார் என்று ஆசிரியருக்குத் தெரியாமல் இல்லை. தெர்மகோலை நான்கு வயதுக் குழந்தையால் வெட்டவும் முடியாது. உதிரும் மணிகளை மூக்கில் போட்டுக்கொள்ள மட்டும் முடியும். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டியும் வீடு செய்யலாம் என்று பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். ஒருவர் எழுதிவிட்டால் போதும், அடுத்த மாதம் பத்துப் பெற்றோர் எழுதுவார்கள்.

உருக்காலையில் ஷிப்ட் வேலை. ஆறு வயது மகனுடன் வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த நாளில் செய்ய ஏதாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், சேலம்

சித்திரையும் வைகாசியும் நுங்குக் காலம். நுங்கு தோண்டித் தின்ற காய்களில் இரண்டை எடுத்து, முக்கால் முழக் குச்சியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். முனை கவைத்த நீளமான கோல் ஒன்றால் அந்தக் குச்சியைத் தள்ளிக்கொண்டு ஓடினால் நுங்கு வண்டி தயார். அரிவாள் வேலை உங்களுடையது; கவைக்கோலைத் தேடிப் பிடிப்பது அவனுடையது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள். நுங்கு இல்லாத மாதங்களில் பனையோலைக் காற்றாடி செய்யலாம். சாண் நீள ஓலைத்துண்டுகள் இரண்டைக் கூட்டல் குறிபோல் குறுக்கே வைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளை ஒரு சோளத்தட்டையில் செருகிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணாதீர்கள். அந்த வயதில் ஒரே வண்டியைப் பத்து வாரம் செய்யச் சொன்னாலும் சலிக்காது; பெரியவர்களுக்குத்தான் சலிக்கும்.

செய்த பொருள்களை எறியவிட மாட்டேன் என்கிறாள் பெண். ஒற்றை அறை வீட்டில் எங்கே வைப்பது?
– ஒரு வாசகி, கிச்சிப்பாளையம்

சுவரில் ஒரு கயிறும் பத்துத் துணிக்கிளிப்பும், தரையில் ஓர் அட்டைப்பெட்டியும் அவளுக்கென்று ஒதுக்குங்கள். பெட்டி நிறைந்ததும் எது போகலாம் என்று அவளே சொல்லட்டும். போகும் பொருளைக் கையில் பிடித்தபடி அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவாள். பசை ஒட்டிய பொருள்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் கரப்பான் வரும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெயிலில் வையுங்கள். பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட வேண்டாம். மிட்டாய் என்று எண்ணி வாயில் போட்டுவிடும் வயது அவளுக்கு.