பார்மா எப்படி ஏறியது, ஏன் விழுந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியக் கால்பந்து பற்றி வந்த கடிதங்களில் பார்மா கிளப்பைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பார்மா ஒருமுறைகூட இத்தாலிய லீக் பட்டம் வென்றதில்லை. பிறகு ஏன் எல்லோரும் அதைப் பெரிய அணி என்கிறார்கள்?

பதில்: 1992 முதல் 2002 வரையிலான பத்தாண்டுகளில் அந்த அணி எட்டுப் பெரிய கோப்பைகளை வென்றது. இத்தாலியக் கோப்பை மூன்று (1992, 1999, 2002), ஐரோப்பிய அணிகள் மோதும் யூஃபா கோப்பை இரண்டு (1995, 1999), பல நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகள் மோதும் கோப்பை வென்றோர் கோப்பை ஒன்று (1993), ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஒன்று, இத்தாலிய சூப்பர் கோப்பை ஒன்று. சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர் அது. தர்தீனி மைதானத்தில் 22,000 பேர்தான் உட்காரலாம். முதல் பிரிவான சீரி ஏ-க்கு அவர்கள் வந்ததே 1990-ல்தான். மூன்றாவது ஆண்டிலேயே லண்டன் வெம்பிளியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அணியை 3-1 என்று வென்று கோப்பை வென்றோர் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

லீக் பட்டத்தை அவர்கள் நெருங்கியது 1996-97-ல். ஆன்செலோட்டி பயிற்சியில் யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1999 யூஃபா கோப்பை இறுதியில், மாஸ்கோவில் மார்செய் அணியை 3-0 என்று வென்ற அணியைப் பாருங்கள்: கோலில் புஃபோன், தடுப்பில் துராம், கன்னவாரோ, நடுவில் வெரோன், முன்னால் கிரெஸ்போவும் கியேசாவும். அந்தக் கோல்கீப்பரும் கன்னவாரோவும்தான் ஏழு ஆண்டு கழித்து இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர்கள். லீக் பட்டம் இல்லாதது ஒரு குறைதான். ஆனால் அந்தப் பத்தாண்டு இத்தாலியக் கால்பந்தைப் பார்மாவை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது.

கேள்வி: அவ்வளவு சின்ன ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: பாலிலிருந்து. பக்கத்துக் கொலெக்கியோவில் தலைமையகம் வைத்திருந்த பார்மலாட் நிறுவனம், கெடாத பாலைப் பெட்டியில் அடைத்து உலகமெங்கும் விற்றது. 1987-ல் சட்டையில் பெயர் போடும் விளம்பரதாரராக வந்தார்கள். 1990-ல் கிளப் தலைவர் செரெசினி காலமானதும் அதன் உரிமை பார்மலாட் அதிபர் கலிஸ்தோ தன்ஸியின் கைக்குப் போனது.

பணத்தை மட்டும் சொன்னால் அநியாயம். அடித்தளம் அதற்கு முன்பே இருந்தது. 1985 முதல் 1987 வரை பயிற்சியளித்த அர்ரிகோ சாக்கி இரண்டாம் பிரிவிலிருந்தே ஏசி மிலானை ஒரே பருவத்தில் இரண்டு முறை தோற்கடித்தார். அதைப் பார்த்துத்தான் மிலான் அவரையே அழைத்துக்கொண்டது. பிறகு வந்த நெவியோ ஸ்காலா மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து, இரு ஓரங்களிலும் ஓயாமல் ஏறி இறங்கும் ஆட்களோடு ஆடவைத்தார். பார்மலாட் பணம் அந்த அணிக்குப் புரோலின், அஸ்பிரியா, ஸோலா என்று மேலும் மேலும் ஆட்களைச் சேர்த்தது.

கேள்வி: 2003-ல் பார்மலாட் இடிந்தபோது கிளப் சீரி ஏ-யிலேயே இருந்தது. 2015-ல் திவாலானபோது நான்காம் பிரிவுக்குப் போனது. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: நல்ல கேள்வி. விடை சட்டத்தில் இருக்கிறது.

2003 டிசம்பரில், பார்மலாட்டின் கேமன் தீவுத் துணை நிறுவனம் வங்கியில் வைத்திருப்பதாகக் காட்டிய 395 கோடி யூரோ உண்மையில் இல்லை என்று தெரிந்தது. கடன் சுமார் 1,400 கோடி யூரோ. இவ்வளவு பெரிய தொழில் குழுமம் சாய்ந்தால் ஆயிரக்கணக்கானோர் வேலை போகும் என்பதால், அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகி ஒருவரை நியமித்தது. தொழிலை மூடாமல் ஓட்டிக்கொண்டே கடனைத் தீர்க்கும் முறை அது. கிளப்பும் அந்தக் குழுமத்தின் ஓர் உறுப்பு என்பதால் அதே பாதுகாப்புக்குள் வந்தது. 2004 கோடையில் புதிய நிறுவனம் ஒன்றுக்கு அணி மாற்றப்பட்டு, சீரி ஏ இடமும் தங்கியது. அதே கோடையில் நாப்போலி திவாலாகி மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நாப்போலிக்கு அந்தக் குடை இல்லை.

2015-ல் பார்மாவுக்கும் இல்லை. சாதாரணத் திவால் நடைமுறை இப்படிப் போகும்: நீதிமன்றம் திவாலை அறிவித்ததும் பொறுப்பாளர்கள் வருவார்கள். லீக்கில் ஆடும் இடம் சொத்து அல்ல, அது கால்பந்துச் சம்மேளனம் தரும் உரிமை. அதைத் தக்கவைக்க ஒரே வழி, பருவம் முடிந்து கெடு தேதிக்குள் ஒருவர் ஏலத்தில் அணியை வாங்கி, 'விளையாட்டுக் கடன்' முழுவதையும் ஏற்றுக்கொள்வது. வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள், பிற கிளப்புகள் ஆகியோருக்குத் தர வேண்டிய பாக்கிதான் அது. வங்கிக் கடனும் மற்றவையும் திவால் கணக்கில் தனியே நிற்கும்.

பார்மாவின் மொத்தக் கடன் சுமார் 21.8 கோடி யூரோ. வீரர்கள் தங்களுக்கு வரவேண்டியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து விளையாட்டுக் கடனை வெகுவாகக் குறைத்தார்கள். அப்படியும், பேஸ்பால் வீரர் மைக் பியாட்ஸா உட்பட ஆர்வம் காட்டியவர்கள் கடைசி நேரத்தில் விலகிவிட்டார்கள். ஜூன் 22-ல் கெடு முடிந்தது. கடைசி இடத்தில் முடித்ததால் கிடைத்திருக்க வேண்டிய இரண்டாம் பிரிவு இடமும் அத்தோடு போனது.

கேள்வி: 2014 மே மாதம் ஆறாம் இடம், 2015 மார்ச்சில் திவால். பத்தே மாதத்தில் எப்படி?

பதில்: பத்து மாதத்தில் நடந்ததல்ல. பத்து மாதத்தில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

2007 முதல் தொமாசோ கிரார்தி உரிமையாளர். அவர் காலத்தில் கிளப்போடு ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள் ஒரு கட்டத்தில் 200-க்கும் மேல். களத்தில் இறங்குவது 11 பேர், பெஞ்சையும் சேர்த்தால் இருபத்துச் சொச்சம் பேர். மீதிப் பேர் கடனாக வேறு கிளப்புகளில் ஆடினார்கள். அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கும் வரியும் பார்மாவின் தலையில்தான்.

முதல் விரிசல் 2014-ல். ஆறாம் இடத்தால் ஐரோப்பியப் போட்டியான யூரோபா லீக்குக்குத் தகுதி கிடைத்தது. ஆனால் கடனாகப் போன வீரர்களுக்குக் கொடுத்த தொகையில் பிடித்த வருமான வரி, சுமார் 3 லட்சம் யூரோ, கெடுவுக்குள் கட்டப்படவில்லை. ஐரோப்பியப் போட்டியில் ஆடும் உரிமம் மறுக்கப்பட்டது. அந்த இடம் டொரினோவுக்குப் போனது. ஐரோப்பிய ஆட்டங்களால் வரவேண்டிய வருமானமும், அதை நம்பிக் கடன் தர இருந்தவர்களின் நம்பிக்கையும் சேர்ந்து போயின.

டிசம்பரில் கிளப் ஒரு யூரோவுக்கு விற்கப்பட்டது. பிப்ரவரியில் மறுபடியும் ஒரு யூரோவுக்கு இன்னொருவர் கைக்கு மாறியது. அவர் மார்ச்சில் வேறொரு பண மோசடி விசாரணையில் கைதானார். பிப்ரவரி 22-ல் உதினேசேயுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, ஏனென்றால் மைதானப் பாதுகாப்பு ஆட்களுக்குக் கொடுக்கக்கூடப் பணம் இல்லை. மற்ற சீரி ஏ கிளப்புகள் சேர்ந்து 50 லட்சம் யூரோ கொடுத்துத்தான் பருவத்தை முடிக்க வைத்தார்கள்.

சம்பளப் பாக்கிக்காக மொத்தம் 7 புள்ளிகள் வெட்டப்பட்டன. 26 புள்ளி எடுத்த அணி 19 புள்ளியோடு முடித்தது. வெட்டு இல்லாவிட்டாலும் கடைசி மூன்றுக்குள்தான் இருந்திருக்கும். இதையும் சொல்ல வேண்டும்: மாதக்கணக்கில் சம்பளம் வராத அந்த வீரர்கள் ஏப்ரல் 11-ல், பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த யுவென்டஸை 1-0 என்று தோற்கடித்தார்கள். மனத்தில் வைக்க வேண்டிய ஆட்டம் அது.

கேள்வி: இத்தாலியக் கிளப்புகள் பற்றிய செய்திகளில் 'பிளஸ்வலென்சா' என்ற சொல் அடிக்கடி வருகிறது. எளிமையாக விளக்குங்கள்.

பதில்: வீரரை விற்கும்போது கணக்கில் காட்டும் லாபம். கணக்கைப் பாருங்கள். ஒரு வீரரை 1 கோடி யூரோவுக்கு, 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறீர்கள். அந்தச் செலவை ஒரே ஆண்டில் எழுதுவதில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் என்று பிரித்து எழுதுவார்கள். மூன்று ஆண்டு கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 40 லட்சம். இப்போது 70 லட்சத்துக்கு விற்றால், வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றும் ஏட்டில் 30 லட்சம் லாபம்.

இதுவரை தவறு ஒன்றும் இல்லை. சிக்கல் மாற்றிக்கொள்வதில். இரு கிளப்புகள் தங்கள் இளைஞர் அணியில் வளர்ந்த ஆளுக்கு ஆளை மாற்றி, ஒவ்வொருவருக்கும் 50 லட்சம் விலை போடுகின்றன. சொந்தமாக வளர்த்த வீரருக்கு ஏட்டில் மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். எனவே இரு பக்கமும் இந்த ஆண்டு 50 லட்சம் லாபம், ஒரு யூரோகூடக் கை மாறவில்லை. இதுவும் 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால், அடுத்த ஆண்டிலிருந்து இரு பக்கமும் ஆண்டுக்கு 10 லட்சம் செலவு எழுத வேண்டும், புதிதாக வந்தவருக்குச் சம்பளமும் தர வேண்டும். அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னும் பெரிய மாற்றம். வீரர் பட்டியல் வீங்கிக்கொண்டே போகும். ஏட்டு லாபத்தைக் கொண்டு சம்பளம் போட முடியாது.

கேள்வி: நான்காம் பிரிவான சீரி டி-யிலிருந்து மூன்றே ஆண்டில் சீரி ஏ. அது எப்படிச் சாத்தியமானது?

பதில்: ஊர் எடுத்துக்கொண்டது. பரில்லா, பிட்ஸரோத்தி, தல்லாரா போன்ற உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். ஒரு சிறு பங்கு ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஸ்காலா தலைவராகத் திரும்பினார், பழைய தடுப்பாட்டக்காரர் அப்போல்லோனி பயிற்சியாளர். கேப்டன் லுக்காரெல்லி பிரிவு இறங்கியும் விலகவில்லை.

சீரி டி அமெச்சூர் பிரிவு. ஒன்பது குழுக்கள், குழுவில் முதலிடம் பிடித்தால்தான் நேரடியாக மேலே. குறிப்பிட்ட எண்ணிக்கையில் இளம் வயது வீரர்கள் எப்போதும் களத்தில் இருந்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. அதனால் நட்சத்திரங்களை மட்டும் வாங்கி ஜெயிக்க முடியாது. நல்ல 18 வயதுப் பையன்கள் வேண்டும். பார்மா 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 94 புள்ளி எடுத்தது.

கடினமானது அடுத்த படி. மூன்றாம் பிரிவில் 60 அணிகள், மூன்று குழுக்கள். குழு முதல்வர்கள் மூவரும் நேரே மேலே போவார்கள். மீதி ஒரே இடத்துக்கு இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட அணிகள் பிளே-ஆஃப் எனும் கூடுதல் ஆட்டங்களில் மோதும். வெனீசியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக முடித்த பார்மா அந்த நீண்ட வழியில் போக வேண்டியிருந்தது. 2017 ஜூன் 17-ல் புளோரன்ஸில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் அலெஸ்ஸாண்ட்ரியாவை 2-0 என்று வென்று மேலே போனது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே அப்போல்லோனியும் ஸ்காலாவும் போய்விட்டார்கள். அணியை முடித்து வைத்தவர் ரொபெர்த்தோ தவெர்ஸா.

2018 மே 18, இரண்டாம் பிரிவான சீரி பி-யின் கடைசி நாள். பார்மா ஸ்பெட்ஸியாவில் 2-0 வென்றது. ஃப்ரோசினோனே சொந்த மைதானத்தில் வென்றிருந்தால், நேரே சீரி ஏ-க்குப் போகும் இரண்டாம் இடம் அவர்களுக்கு. ஃபொஜ்ஜா அணி கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் அந்த ஆட்டம் 2-2. இருவருக்கும் 72 புள்ளி, நேருக்கு நேர் ஆடியதில் பார்மாவுக்கு முன்னிலை. டி-யிலிருந்து ஏ-க்குத் தொடர்ந்து மூன்று முறை உயர்ந்த முதல் இத்தாலியக் கிளப் இதுதான்.

கேள்வி: சட்டப்படி இது புதுக் கிளப். பழைய எட்டுக் கோப்பைகளையும் தன்னுடையது என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம் என்பதே எங்கள் கருத்து. 1913 முதல் மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டன. தர்தீனியும் அதன் வடக்குக் கேலரியில் நிற்கும் கூட்டமும் மாறவில்லை. நான்காம் பிரிவு ஆட்டங்களுக்கு 9,000-க்கும் மேற்பட்டோர் பருவச் சீட்டு வாங்கினார்கள். அவர்கள் புதுக் கிளப்புக்கு வாங்கியதாக நினைக்கவில்லை.

கேள்வி: இப்போது நிலை என்ன?

பதில்: 2020 செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலதிபர் கைல் கிராவுஸ் பெரும்பங்கை வாங்கினார். முதல் பருவத்திலேயே கடைசி இடம், மறுபடி சீரி பி. ஆனால் இம்முறை திவால் இல்லை. இறங்கும் கிளப்புக்கு லீக் 'பாராசூட்' தொகை தருகிறது: இப்போதுதான் ஏறி வந்தவர்களுக்கு 1 கோடி யூரோ, சற்று அதிகம் இருந்தவர்களுக்கு 1.5 கோடி, கடைசி நான்கு ஆண்டுகளில் மூன்றை மேலே கழித்தவர்களுக்கு 2.5 கோடி. மேல்பிரிவுச் சம்பளத்தைக் கீழ்ப்பிரிவு வருமானத்தில் சமாளிக்க அது ஓராண்டு மூச்சு கொடுக்கும். இருந்தும் திரும்ப மூன்று ஆண்டு பிடித்தது. 2024-ல் ஃபாபியோ பெக்கியாவின் இளம் அணி சீரி பி-யில் முதலிடம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் பெக்கியா நீக்கப்பட, கிறிஸ்தியான் கிவு வந்து அணியை ஏ-யில் தக்கவைத்தார்.

கேள்வி: ஒரு கிளப் சிக்கலில் இருப்பதை ரசிகர் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் பார்க்க வேண்டியது புள்ளி வெட்டு. இத்தாலியில் கெடு தேதிக்குள் சம்பளமும், வீரர் சம்பளத்தில் பிடித்த வரியும், ஓய்வூதியப் பங்கும் கட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். ஒரு புள்ளி வெட்டினாலும் அது கஜானா காலி என்பதற்கான அறிவிப்பு. அடுத்து, ஐரோப்பிய உரிமம் மறுக்கப்படுவது. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். 3 லட்சம் கட்ட முடியாதவரிடம் 3 கோடி இருக்காது. ஒப்பந்தத்தில் உள்ள வீரர் எண்ணிக்கையைத் தேடுங்கள். ஆண்டுதோறும் சிறந்த ஆள் விற்கப்படுகிறாரா என்றும் பாருங்கள்: பார்மாவிலிருந்து வெரோன் 1999, கிரெஸ்போ 2000, புஃபோனும் துராமும் 2001, கன்னவாரோ 2002. பார்மலாட் இடிந்தது 2003-ல்.

கடைசியாக, பெயரளவு விலைக்குக் கிளப் கைமாறினால், வாங்குபவர் யார் என்பதைவிட முதல் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்பதைக் கவனியுங்கள்.