இடுப்பு மூட்டுக்கு எலும்புப் பூச்சுப் பூசினதைப் போடுறதா, சீமெந்து வைக்கிறதா?

56 வயசு அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தேக்க இந்த ரெண்டில எது நல்லம் எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் டொக்டர் இல்லை, பிறகு வந்து என்னோட சண்டை பிடிக்காதேங்கோ, சாம்பல்தீவில இருந்து கொழும்பு மட்டும் அம்மாவை ஏத்தி இறக்கின மகனாச் சொல்லுறன்.

எங்கட அம்மாவுக்கு அப்ப 61. கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில பாதியில நிண்டு அழுதவ, மூட்டு அவ்வளவுக்குத் தேய்ஞ்சிட்டுது. மூட்டை மாத்தி, பூச்சுப் பூசின தண்டுதான் வைச்சவை, தண்டு எண்டா செயற்கை மூட்டில தொடையெலும்புக்குள்ள இறங்கிற உலோகத் துண்டு. அந்தப் பூச்சு ஹைட்ரொக்ஸிஅபற்றைட், கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்தது, எங்கட எலும்பில இருக்கிற தாதுவும் கிட்டத்தட்ட அதுதான். 1980களின்ர நடுவில இருந்தே ஆக்களுக்குப் போடுகினம், அதால பரிசோதனை எண்டு பயப்பிட வேண்டாம். ஆனா அதைப் பசை எண்டு நினைச்சிடாதேங்கோ. தண்டுக்கும் எலும்புக்கும் இடையில வைக்கிற சீமெந்து எண்டா ஒப்பரேசன் மேசையிலயே இறுகிடும், இதுக்கு எலும்பு தானா வளர்ந்து வந்து பிடிக்கோணும், கிழமைக்கணக்கா எடுக்கும், அதுக்குள்ள தண்டு ஆடிக்கொண்டிருந்தா எலும்புக்குப் பதிலா நார்ச் சவ்வுதான் வளரும்.

ஆறு கிழமைக்கு வோக்கர் இல்லாம நடக்கக்கூடாது எண்டு சொல்லித்தான் விட்டவை. மூண்டாம் கிழமை மாமி வந்து, படுத்தே கிடந்தா கால் விறைச்சுப்போகும் எண்டு சொல்ல, அம்மா வோக்கரை விட்டிட்டுக் கிணத்தடிக்குப் போயிட்டா. நான் கத்தின கத்து, அவ பேசாம இருந்து அழுதது, இப்பவும் நினைச்சா நெஞ்சு நோகும்.

ரெண்டு வருசத்தால தொடை நோவெடுத்தது. சீமெந்து இல்லாத தண்டுகளுக்கு இது வாறதுதானாம், ஆனா எங்களுக்குத் தெரியாதே. இஞ்ச காட்டின டொக்டர் என்ன தண்டு, பூச்சு முழுக்கவா மேல்பாதி மட்டுமா எண்டு கேட்டார். ஆஸ்பத்திரியில தந்த துண்டில "இடது இடுப்பு மூட்டு மாற்றம்" எண்டு ஒரு வரி, அவ்வளவுதான்! தண்டு வாற பெட்டியோட இருக்கிற ஸ்டிக்கரில கொம்பனி, சைஸ், இலக்கம் எல்லாம் இருக்கும், அதை எங்கட கையில ஒருத்தரும் தரேல்லை. ஒப்பரேசன் செய்த இடத்துக்கு நாலு தரம் போன் எடுத்தன், ஒவ்வொருக்காலும் நாளைக்கு எடுங்கோ எண்டினம். ஒரு மனுசியின்ர உடம்புக்குள்ள வைச்ச சாமானுக்கு வீட்டில ஒரு கடதாசி இல்லை, பிரிட்ஜ் வாங்கினாலும் கார்ட் தருவாங்கள். கடைசியா எக்ஸ்ரேயில எலும்பு நல்லாப் பிடிச்சிருக்கு எண்டு பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கட அம்மாவின்ர வயசுக்கு, எலும்பு திடமா இருந்தா, பூச்சுத்தான் அனேகமாச் சொல்லுவினம். எலும்பு மெலிஞ்ச வயசான ஆக்களுக்குச் சீமெந்துதான் பாதுகாப்பு, தொடையெலும்பு வெடிக்கிற பயம் குறைவு, அதைப் பழசு எண்டு தள்ளாதேங்கோ. எது வைச்சாலும் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி அண்டைக்கே கிளினிக் கொப்பியில ஒட்டிப்போடுங்கோ.