கேளுங்க, சொல்றேன்: ஆகாயத்துல ஒரு துறைமுகம்

போன இதழ்ல வாய் சும்மா இல்லாம, ஸ்கூல் லீவுல வீட்டுலயே உக்காந்து பாபிலோன் 5-ங்கற பழைய அமெரிக்க டிவி சீரியலை, அதான் ஒரு விண்வெளி ஸ்டேஷன்ல நடக்கிற கதை, அதை முதல்ல இருந்து மறுபடி பார்த்தேன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், வழக்கமா வர்ற மருமகள் கேள்வியும் இபிஎஃப் கேள்வியும் பின்னால போய் இந்த வாரம் பூரா விண்வெளிக் கேள்வியாவே வந்து குவிஞ்சிருக்கு. சரி, மருமகள்கள் ஒரு வாரம் பொறுத்துக்குங்க.

"அண்ணே, உங்க பேச்சை நம்பி நாலு எபிசோடு பார்த்துட்டேன். கிராபிக்ஸ் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கு, கதையும் நகர மாட்டேங்குது. விட்டுடலாமா?"
(பட்டர்வொர்த் வாசகி)

விடாதீங்கம்மா. கிராபிக்ஸ் பத்தி நீங்க சொல்றது வாஸ்தவம்தான், ஆனா 1993-ல இதோட பைலட், அதாவது முன்னோட்டப் படம், வந்தப்ப மத்தவங்கெல்லாம் பொம்மைக் கப்பல் செஞ்சு அதைக் கேமரால எடுத்துக்கிட்டிருந்தாங்க, இவங்க அமிகா கம்ப்யூட்டரை வச்சு மொத்தக் கப்பலையும் உள்ளயே வரைஞ்சாங்க, அதுக்கு எம்மி விருதும் வாங்குனாங்க. அமிகால கேம் விளையாடின ஆளுங்க யாராச்சும் இதைப் படிச்சா அது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும்.

கதை மெதுவா போறதுக்குக் காரணம் இருக்கு. ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கிங்கறவர் அஞ்சு வருஷக் கதையை ஒரே நாவல் மாதிரி முன்கூட்டியே யோசிச்சு வச்சுட்டு ஆரம்பிச்சார், மொத்தம் 110 எபிசோடுல 92 எபிசோடு அவரே எழுதினது. அதனால முதல் சீசன் வாழைக்கன்னு நடுற வேலை, நட்ட மறுநாளே தார் எங்கன்னு கேட்டா எப்படி? ரெண்டாவது சீசன் ஒன்பதாவது எபிசோடு வரைக்கும் பொறுங்க.

அதுல ஒரு இடம். சென்டாரி, நார்ன்னு ரெண்டு இனம், பரம்பரைப் பகை. நார்ன் தூதர் ஜிகார், சென்டாரி சக்கரவர்த்தி ஸ்டேஷனுக்கு வர்றப்ப கொல்லணும்னு கத்தியோட காத்திருக்கார், ஆனா சக்கரவர்த்தி வந்ததே மன்னிப்புக் கேக்கத்தான், கேக்கறதுக்குள்ள நோவு வந்து விழுந்துடறார். படுக்கையில இருந்து சொல்லி அனுப்பின மன்னிப்பைக் கேட்ட ஜிகார் நேரா பாருக்குப் போய், தன்னோட ஜென்ம எதிரி, சென்டாரி தூதர் லாண்டோவைத் தேடிப் பிடிச்சு, கண்ணெல்லாம் பளபளக்க ஒரு கிளாஸ் வாங்கிக் குடுக்கறார், கையையும் குடுக்கறார். லாண்டோ அந்தக் கையைப் பிடிக்கறப்ப மூஞ்சியைப் பாருங்க. ஏன்னா ஜிகாரோட ஜனங்க மேல தாக்குதல் நடத்த ஏற்பாடு பண்ணதே லாண்டோதான், அது ஜிகாருக்கு இன்னும் தெரியாது. இந்த எபிசோடுக்கு 1996-ல, அறிவியல் புனைகதைக்குக் குடுக்கற ஹியூகோ விருது கிடைச்சுது. எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

"விண்வெளியில எல்லாம் மிதக்கும்னு டீச்சர் சொல்றாங்க. இவங்க மட்டும் எப்படித் தரையில நடக்கறாங்க? ரீலா, அங்கிள்?"
(செந்தூல், படிவம் 5 மாணவர்)

ரீல் இல்லடா தம்பி. மாமாக் கடையில தே ஓ ஐஸ் இக்காட் தெப்பி வாங்கியிருப்ப இல்ல, பிளாஸ்டிக் பையில ஒரு பக்கம் கயிறு கட்டித் தருவாங்களே அது. அந்தக் கயிறைப் பிடிச்சு வேகமா ஒரு முழு சுத்து சுத்திப் பாரு, பை உன் தலைக்கு மேல தலைகீழா போறப்பகூட தேத்தண்ணி கொட்டாது, பையோட அடியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். (வெளியில போய் சுத்து, நான் சின்ன வயசுல சமையக்கட்டுல சுத்தி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.) பாபிலோன் 5 எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு உருளை, அதுக்குள்ள மனுஷங்களும் மத்த இனத்தாருமா ரெண்டரை லட்சம் பேர் குடியிருக்காங்க. உருளை தன்னைத்தானே சுத்துது, இவங்கெல்லாம் பைக்குள்ள இருக்கிற தேத்தண்ணி, வெளிச் சுவர்தான் இவங்களுக்குத் தரை.

கணக்கும் போட்டுப் பாரு. நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்தி பூமி அளவு ஈர்ப்பு வேணும்னா நடுவுல இருந்து தரை வரைக்கும் கிட்டத்தட்ட 900 மீட்டர் இருக்கணும். ரெண்டு சுத்துன்னா அதுல கால்வாசி போதும், ஆனா ரொம்பச் சின்னதாக்கி வேகமா சுத்தவிட்டா தலை சுத்தி வாந்தி வந்துடும். இன்னொண்ணு கவனிச்சியா, அவங்க ஸ்டார்ஃப்யூரி போர் விமானம் கிளம்பறப்ப என்ஜினே வேண்டாம், பிடிச்சிருக்கிற கொக்கியை விட்டா போதும், நீ கயிறை விட்டா பை எப்படிப் பறக்குமோ அப்படி வெளிய போயிடும்.

"டீப் ஸ்பேஸ் நைனைக் காப்பியடிச்சதுதானே இது?"
(கிள்ளான் வாசகர்)

சண்டை இழுக்கறீங்க. டீப் ஸ்பேஸ் நைன், அதுவும் ஸ்டேஷன்ல நடக்கிற ஸ்டார் ட்ரெக் சீரியல்தான், பாரமவுண்டு கம்பெனி எடுத்தது, 1993 ஜனவரியில வந்துச்சு, பாபிலோன் 5 பைலட் பிப்ரவரியில, அதைப் பார்த்துட்டு ஒரே மாசத்துல காப்பியடிக்க முடியுமா? ஸ்ட்ராசின்ஸ்கி தன்னோட கதையை 1989-லயே பாரமவுண்டுக்குக் குடுத்திருந்தார், அதனால காப்பின்னு பேச்சு வந்ததே எதிர்ப்பக்கமாத்தான். நான் ரெண்டையும் பார்ப்பேன். அதோட கமாண்டர் சிஸ்கோ தாயில்லாப் பிள்ளையை வளர்க்கிற அழகு ஒண்ணுக்கே டீப் ஸ்பேஸ் நைன் பார்க்கலாம்.

"முதல் சீசன்ல வந்த கமாண்டர் சிங்க்ளேர் திடீர்னு காணாமப் போயிட்டாரே, சம்பளத் தகராறா?"
(பாயான் பாரு வாசகி)

ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நினைச்சேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. சிங்க்ளேரா நடிச்ச மைக்கேல் ஓ'ஹேருக்கு ஷூட்டிங் நடக்கறப்பவே மனநோய் முத்திடுச்சு, இல்லாததெல்லாம் தெரியுது, பயம் பிடிச்சு ஆட்டுது. சிகிச்சை முடியற வரைக்கும் ஷூட்டிங்கை நிறுத்தி வைக்கறேன்னு ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லியிருக்கார், அத்தனை பேர் பொழைப்பு போயிடும்னு ஓ'ஹேர் ஒத்துக்கலை. சீசனை முடிச்சுட்டு விலகினார், மூணாவது சீசன்ல ரெண்டு எபிசோடுக்குத் திரும்பி வந்து அந்தப் பாத்திரத்தை முடிச்சும் குடுத்தார். ஓ'ஹேர் 2012-ல இறந்தார், அதுவரைக்கும் ரகசியத்தைக் காப்பாத்தின ஸ்ட்ராசின்ஸ்கி அடுத்த வருஷம்தான் வெளிய சொன்னார். இப்ப முதல் சீசனைப் பாருங்க, அவர் நிக்கற நிலையே வேற மாதிரி தெரியும்.

"ஸ்பேஸ் ஸ்டேஷன்ல ராகு காலம் எப்படிப் பார்க்கிறது?"
(பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

கிண்டலுக்குக் கேட்டீங்களோ என்னவோ, நான் உக்காந்து கணக்கே போட்டுட்டேன். நிஜத்துல இருக்கிற சர்வதேச விண்வெளி நிலையம் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது, நம்ம ஒரு நாளுக்குள்ள 16 சூரிய உதயம். ஒரு பகல் ஏறத்தாழ 55 நிமிஷம், ராகு காலம் அதுல எட்டுல ஒரு பங்குன்னா ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு நிமிஷம் தள்ளிப்போட்டா எந்தக் காரியமும் கெட்டுடாது, ஆனா 16 தடவை தள்ளிப்போடணும்.

நம்ம மலேசியாவோட அங்காசாவான், அதாவது விண்வெளி வீரர், டாக்டர் ஷேக் முஸாஃபர் 2007 அக்டோபர்ல போனப்ப நோன்பு மாசம், பெருநாளும் அங்கயேதான். தொழுகை நேரத்துக்கு ராக்கெட் கிளம்பின பைக்கோனூர் நேரத்தையே வச்சுக்கலாம்னு இங்க வழிகாட்டி எழுதிக் குடுத்தாங்க. பாபிலோன் 5-லயும் இதே சிக்கல் ஜிகாருக்கு வரும். சூரிய வெளிச்சம் குறிப்பிட்ட மலையைத் தொடுற நேரத்துல பூஜை பண்ணணும், பூஜைக்கான செடி வந்து சேர்றதுக்குள்ள நேரம் தப்பிப்போச்சு. சிங்க்ளேர்தான் வழி சொல்றார்: பத்து வருஷத்துக்கு முன்னால அதே சூரியன்ல இருந்து கிளம்பின வெளிச்சம் இன்னும் 12 மணி நேரத்துல இந்த ஸ்டேஷனுக்கு வரும், அதுல செய்யுங்க. ஐயருக்குக்கூட இப்படித் தோணியிருக்காது.

"வெள்ளைக்காரன் எடுத்த சீரியல், ஒரு தமிழன்கூட கிடையாது. பினாங்குக்காரர் உங்களுக்கு அதுல அப்படி என்ன ஒட்டுதல்?"
(ஜெலுத்தோங் வாசகர்)

மத்த விண்வெளிக் கதையெல்லாம் கப்பல் கதை, இவங்க கிளம்பி எங்கெங்கயோ போவாங்க. ஸ்டேஷன் எங்கயும் போகாது, ஊரெல்லாம் அங்க வரும், சண்டை போட்டவனையே மறுநாள் காலையில சாப்பாட்டுக் கடையில பார்த்தாகணும். நான் வளர்ந்த ஊர் அப்படிப்பட்ட ஊர்தான். முதல் சீசன்ல ஒவ்வொரு இனமும் தன் மதத்தைக் காட்டணும்னு ஒரு வாரம் நடக்கும், பூமியோட முறை வந்ததும் சிங்க்ளேர் ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு இவர் நாத்திகர், இவர் கத்தோலிக்கர், இவர் முஸ்லிம்னு ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்திக்கிட்டே போவார், வரிசை முடியவே முடியாது. ஜார்ஜ்டவுன்ல பிட் ஸ்ட்ரீட்ல ஒரு நடை போங்க, செயின்ட் ஜார்ஜ் சர்ச், குவான் யின் கோயில், அதைத் தாண்டி மாரியம்மன் கோயிலோட பின்பக்கம், அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே வரிசை. அந்த வரிசையில ஒரு இந்துவும் உண்டு, பேரு மிஸ்டர் கோல்டு. பொன்னுச்சாமியா இருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன், அதனால தமிழன் இல்லைன்னு சொல்லாதீங்க.

எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். மேல சொன்ன ஜிகார் பூஜை வர்ற அதே எபிசோடுல மெயின் கதை என்ன தெரியுமா, சரக்கு இறக்கறவங்க ஸ்டிரைக். ஆள் பத்தலை, சாமான் பழசு, ஒரு விபத்துல தொழிலாளி ஒருத்தன் செத்துப்போறான், மத்தவங்க வேலைக்குப் போக மாட்டோம்னு உக்காந்துடறாங்க. எந்த வழியிலயும் அடக்கலாம்னு மேலிடம் சட்டத்தைக் கையில குடுக்குது, "எந்த வழியிலயும்"ங்கற அந்த வார்த்தையையே பிடிச்சுக்கிட்டு சிங்க்ளேர் ராணுவத்துக்கு ஒதுக்கின காசைத் தூக்கித் தொழிலாளிங்களுக்குக் குடுத்துடறார். லேசர் துப்பாக்கி சீரியல்ல கூலிக்காரன் கதை வரும்னு நான் நினைச்சே பார்க்கலை.

அதை வாடகை டேப்புல அப்பா கூட உக்காந்துதான் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், தலையில கொம்பு வச்சவன், மூஞ்சியில புள்ளி வச்சவன் யாரையும் பத்தி ஒண்ணும் கேக்கலை. ஸ்டிரைக் முடிஞ்சதும் மட்டும், "செத்தவன் வீட்டுக்கு எவ்வளவு குடுத்தான்?"ன்னார். நான் முழிச்சேன். ரிவைண்ட் பண்ணுடான்னார், பண்ணேன், விபத்துல இருந்து மறுபடி பார்த்தோம்.